புறம்போக்கு பார்ட்டிஷன்

லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்தபோது அது செத்துப்போயிருந்த விஷயம் தங்கத்தாய்க்குத் தெரியாது. மூடியின் நாலு மூலையிலும் நடுவிலும் வைத்து, மேலே குங்குமம் வைத்து, பக்கவாட்டில் இருந்த சின்னச் சின்ன ஓட்டைகளையும் விட மனசில்லாமல் ஒவ்வொன்றிலும் ஒரு தொடு தொட்டாள். பிறகு அதை மருந்தடிக்கிற மிஷினுக்கும் களைக்கொத்திக்கும் நடுவில், சரஸ்வதி படத்துக்கு நேர் எதிரே வைத்தாள். இளைய மகள் தங்கலட்சுமி பொரித் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். வீட்டில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கொன்றதும் அவள்தான்.

"ஏன்டி இப்பிடி முழிக்கிற? தட்ட நேராப் பிடி. பொரி பூராம் கீழ போகுது."

"கை வலிக்குதும்மா."

"பொரி என்ன, மூட்டையா?"

கொலை காலையில் நடந்தது. அக்கா ரேணுகாதேவி அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போயிருந்த நேரம்.

லேப்டாப் அக்காவுடையது. பிளஸ் டூ முடித்தபோது அரசாங்கம் கொடுத்தது. அதை இயக்க விண்டோஸும் இருந்தது, லினக்ஸும் இருந்தது. திறந்ததும் ஒரு கறுப்புப் பலகை வந்து, எது வேண்டும் என்று கேட்கும். விண்டோஸ் என்று சொல்லிவிட்டால் பேசாமல் உள்ளே விட்டுவிடும். வாங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் லினக்ஸ் வேண்டும் என்று சொன்னதில்லை. ஆனாலும் அது ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ரேணுகாதேவி காலேஜ் முடித்துவிட்டு, பரளச்சியில் வீட்டில் உட்கார்ந்தபடியே கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தாள். அருப்புக்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் இன்பராஜ் படங்களைக் கொடுப்பார். இவள் மாப்பிள்ளை முகத்து வேர்வையைத் துடைத்து, பின்னால் நிற்கிற பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துவிட்டு, அங்கே ஓர் ஏரியை வைப்பாள். அந்தப் பக்கத்தில் நிரம்பிய ஏரியை யாரும் பார்ப்பதற்கு அது ஒன்றுதான் வழி.

இன்பராஜுக்குத் தெரிந்த மதுரை கலர் லேப் ஒன்றில் டிசைனர் வேலை காலியாக இருந்தது. திருச்சுழிக் கல்யாணம் ஒன்றின் ஆல்பத்தை ரேணுகா முடித்து அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துவிட்டு லேப் முதலாளி முடிவு சொல்வார். நல்ல நாள் பார்த்து ஆள் எடுக்கிறவர். விஜயதசமி காலையில் ஆல்பம் வந்தால் பார்ப்பேன், அப்புறம் வந்தால் அது வேறு கதை என்று சொல்லிவிட்டார்.

அப்பா கோட்டைச்சாமியும் அதே நாளைத்தான் குறித்து வைத்திருந்தார். "அன்னைக்கு வேல கெடச்சுட்டா போயிட்டு வா. கெடைக்கலன்னா காரியாபட்டிக்காரகள பூ வைக்க வரச் சொல்லிருவேன். நல்ல எடம். ரொம்ப நாள் காத்திருக்க மாட்டாக." அக்கா சரி என்றாள். அப்பா வாக்கு மாற மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் நல்லதும், கெட்டதும்.

ஆல்பம் முடிந்துவிட்டது. செய்து வைத்ததில் கடைசி நாலு தாளை, லேபுக்கு அனுப்புகிற பெரிய படங்களாக மாற்றி சேவ் பண்ணப்போனால், டிஸ்க்கில் இடம் இல்லை என்று போட்டோஷாப் மறுத்தது. அக்கா தன் காலேஜ் படங்களை எல்லாம் அழித்துப் பார்த்தாள். போதவில்லை. இன்பராஜிடம் ஹார்டு டிஸ்க் கேட்டு வாங்கி வருகிறேன் என்று முதல் பஸ்ஸில் போனாள்.

தங்கலட்சுமி பிளஸ் ஒன். கம்ப்யூட்டர் குரூப். அக்கா திரும்பி வருவதற்குள் இடம் உண்டாக்கி வைத்து அவளை ஆச்சரியப்படுத்தலாம் என்று லேப்டாப்பைத் திறந்தாள். ஒரு வீடியோவைப் பார்த்து, டிஸ்க்கை வீடு வாரியாகப் பிரித்துக் காட்டுகிற இடத்தைக் கண்டுபிடித்தாள். சி என்று ஒன்று. டி என்று ஒன்று, சிவப்பாக நிரம்பிக் கிடந்தது. டியை ஒட்டினாற்போல் பேரே இல்லாமல் இன்னொன்று. எழுத்து இல்லை. படம் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்றும் காட்டவில்லை. சும்மா கிடந்தது.

அவர்களுடைய கீழ்க்காட்டை ஒட்டி ஓடைப் புறம்போக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு உழவுக்கும் கோட்டைச்சாமியின் டிராக்டர் வரப்பைத் தாண்டி ஒரு சால் கூடுதலாகப் போய்த் திரும்பும். ஊரில் யாரும் அதை ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை. சேர்த்து உழுதுக்கிறது என்று பெயர். கருவேலம் முளைத்துக் கிடக்கிற நிலத்தைச் சும்மா விடுவதுதான் அங்கே குற்றம். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளை, பேர் இல்லாத இடத்தைப் பார்த்தால் என்ன செய்யும்?

எல்லாம் அழிந்துவிடும், சரியா என்று லேப்டாப் கேட்டது. சரி என்றாள். டியின் வரப்பை நகர்த்திச் சேர்த்துக்கொண்டாள். சிவப்பு போய் நீலம் வந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் பெருமையாக இருந்தது. அணைத்துவிட்டு, அந்த நீலத்தை இன்னொரு தரம் பார்க்கலாம் என்று ஆன் பண்ணினாள்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டே வரி. நோ சச் பார்ட்டிஷன். அப்படி ஒரு பிரிவே இல்லை. அதற்குக் கீழே, கிரப் ரெஸ்க்யூ என்று போட்டு, ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவள் ஹெல்ப் என்று அடித்தாள். அப்படி ஒரு கமாண்டு தெரியாது என்றது.

அதற்குள் தங்கத்தாய் ஈரத்துணியோடு வந்துவிட்டாள்.

"மூடுடி அத. தொடச்சுப் பொட்டு வைக்கணும். ஒங்கப்பா டிராக்டர குளிப்பாட்டி மாலையே போட்டுட்டாக. நீ இன்னும் அத நோண்டிக்கிட்டு இருக்க."

மூடினாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ரேணுகாதேவி மத்தியானம் வந்தபோது லேப்டாப் சாமியாகிவிட்டிருந்தது.

"ஒரு அரை மணி நேரம் குடும்மா. நாலு தாள் சேவ் பண்ணிட்டுத் தந்துர்றேன்."

"பொட்டு வச்சதத் தொடுவியா நீ? நல்ல நேரம் முடியப்போகுது. போயி மொகம் கழுவிட்டு வா."

"சரி விடு. விடியக்காலம் பாத்துக்கிடுறேன்." அக்கா பையைத் தோளிலிருந்து இறக்கினாள். "ஹார்டு டிஸ்க்கு கெடைக்கலடி தங்கலச்சுமி. அதுக்கும் பொட்டு வச்சாச்சுன்னுட்டாரு இன்பராஜ் அண்ணன். இந்தப் பென்டிரைவத்தான் குடுத்தாரு. இதுல எம்.ரெட்டியபட்டிக் காதுகுத்துப் படம் கெடக்காம். வேற எங்கயும் இல்லையாம். மிச்ச எடத்துல நம்ம வச்சுக்கிடலாமாம். ஏன், ஒனக்குக் காச்சலா?"

"இல்லையே."

"மொகம் ஒரு மாதிரி இருக்கு."

"பசி."

கோட்டைச்சாமி சூடம் காட்டினார். டிராக்டருக்குக் காட்டினார், பைக்குக்குக் காட்டினார், உள்ளே வந்து மண்வெட்டி, அரிவாள், தையல் மிஷின், பாடப்புத்தகம், லேப்டாப் என்று வரிசையாகக் காட்டினார். லேப்டாப்புக்கு மட்டும் இரண்டு சுற்று கூடுதல். பெரிய மகளின் வேலைக்காக அவர் செய்யக்கூடியது அவ்வளவுதான். "நாளைக்குக் காலைல வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு சுண்டலை வாயில் போட்டார். ஒவ்வொரு வருஷமும் சொல்வதுதான். ஒவ்வொரு வருஷமும் தங்கலட்சுமிக்கு அது பிடிக்கும், புத்தகத்தைத் தொட வேண்டாமே என்று.

சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய் மாரீஸ்வரனுக்கு போன் போட்டாள். பெரியப்பா மகன். அடுத்த தெரு, அதே வகுப்பு. கம்ப்யூட்டரில் தனக்குத் தெரியாதது இல்லை என்று வகுப்பில் சொல்லிக்கொள்கிறவன். மார்க்கு வேறு மாதிரி சொல்லும்.

"ஏலே மாரீசு, ஒரு சந்தேகம்."

"பொரி திங்கிறேன். சொல்லு."

"ஒரு லேப்டாப்பு. ஆன் பண்ணா கறுப்பா வருது. கிரப் ரெஸ்க்யூன்னு."

"யாரு லேப்டாப்பு?"

"ஒரு ஆளோடது."

"அந்த ஆளு பேரு தங்கலச்சுமியா?"

அவள் கைப்பிடிச் சுவரின் காரையை நகத்தால் சுரண்டினாள்.

"லினக்ஸ அழிச்சியா?"

"அது சும்மாதான்லே கெடந்துச்சு!"

"சும்மா கெடக்கல. வாசல்ல நின்னு விண்டோஸா லினக்ஸான்னு கேக்குறது யாரு? அந்தக் கிரப்பு. அவரு குடியிருந்தது லினக்ஸ் வீட்டுக்குள்ள. வாசல்ல 'அங்கன போயி ஆளக் கூப்புடு'ன்னு ஒரு போர்டுதான் மாட்டிருக்கு. நீ ஆளையும் வீட்டையும் சேத்து இடிச்சுட்ட. இப்ப லேப்டாப்பு போர்டப் படிச்சுட்டுப் போயித் தேடுது. வீட்டக் காணோம்."

"அப்ப அக்காவோட படமெல்லாம்?"

"அது உள்ள பத்தரமா கெடக்கும். கதவத் தொறக்கத்தான் ஆளு இல்ல. பென்டிரைவுல வேற கிரப்ப ஏத்தி, அத வச்சு விண்டோஸ எழுப்பிவிடலாம். வீடியோ பாத்தேன். ஆனா பென்டிரைவுல ஏத்த இன்னொரு கம்ப்யூட்டர் வேணும்."

அங்கேதான் சிக்கல். பரளச்சி இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு ஷட்டரை இறக்கியாயிற்று. திருச்சுழி பிரவுசிங் சென்டரில் மானிட்டருக்குத் திருநீறு பூசி, முன்னால் பூசணிக்காய் உடைத்தாயிற்று. பள்ளிக்கூடத்து லேப்புக்கு பூட்டுக்கு மேலேயே சந்தனம். மாரீஸ்வரன் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தான். எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள், சிலர் பொரியோடு, சிலர் அவலோடு. அங்கேயிருந்து காரியாபட்டி வரைக்கும் அன்றைக்குக் கண் முழித்திருந்த கம்ப்யூட்டர் ஒன்றுகூட இல்லை. போனை மட்டும் யாரும் பூஜையில் வைக்கவில்லை. வைத்தால் பூஜையைப் படம் எடுப்பது யார்?

"போனு!" என்றான் மாரீஸ்வரன். "போன்லயே ஏத்த ஒரு ஆப்பு இருக்கு. பென்டிரைவ போன்ல மாட்டுற ஓடிஜி ஒன்னு வேணும். எங்கிட்ட இருக்கு. குடுத்துவிடுறேன்."

"எப்பிடிக் குடுப்ப? அம்மா கேக்கும்."

கொஞ்ச நேரத்தில் அவன் வாசலில் நின்றான். "சித்தி, அம்மா பொரி குடுத்துவிட்டுச்சு."

"எங்க வீட்லதான் ஒரு மூட பொரி கெடக்கே."

"இது வேற பொரி சித்தி. தங்கலச்சுமிக்கு."

"வேற பொரியா?" தங்கத்தாய் பையை வாங்கிக் கையால் துழாவப் போனாள். தங்கலட்சுமி பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள். அவ்வளவு ஆசையாகப் பொரி தின்கிற பிள்ளையை அந்த வீடு அதுவரை பார்த்ததில்லை.

அக்காவின் கைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள். சமையல்கட்டில் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மாடிக்குப் போய், பொரியை உதறி ஓடிஜியை எடுத்து, பென்டிரைவை போனில் மாட்டினாள். காதுகுத்துப் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தாய்மாமன் மடியில் மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை. குழந்தை அழுகிறது. மாமனும் அழுகிற மாதிரிதான் இருக்கிறார். ஆசாரியின் கை மட்டும் படத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது.

கிரப்பை ஏற்ற வேண்டிய ஃபைல் சின்னதுதான், சீக்கிரம் இறங்கிவிட்டது. ஆப் கேட்டது: இதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். தொடரவா?

அவளுடைய போனில் இடம் இல்லை. படங்களை மாற்றி வைக்க வழி இல்லை. விண்டோஸ் எழுந்துவிட்டால் அக்கா காப்பாற்றப்படுவாள். எழாவிட்டால் அக்கா செய்த திருச்சுழி ஆல்பமும் போய், எம்.ரெட்டியபட்டியின் காதுகுத்தும் போய்விடும். குழந்தைக்கு மறுபடியும் காது குத்த முடியாது. ஏற்கெனவே குத்தியாயிற்று.

கட்டைவிரல் திரைக்கு மேலேயே நின்றது. காலையிலும் இதே கேள்விதான், இதே விரல்தான். அப்போது கேட்க ஒரு ஆள் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது கீழே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

பென்டிரைவை உருவிக்கொண்டு இறங்கினாள். பாதிப் படியில் திரும்பி ஏறினாள். அப்புறம் மறுபடி இறங்கினாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அவளே மாடிக்கு வந்துகொண்டிருந்தாள். தங்கச்சியை வழியில் மறித்து நின்றாள்.

"என்னடி, பேய் அடிச்ச மாதிரி?"

"அக்கா, ஒன்னு சொல்லவா? அடிக்கக் கூடாது."

"அடிக்கிறதா இல்லையான்னு கேட்டப்பறம் சொல்றேன்."

தங்கலட்சுமி சொன்னாள். டிஸ்க்கில் ஆரம்பித்து, சும்மா கிடந்த இடம், நீலம், கறுப்பு, மாரீஸ்வரன், ஓடிஜி, பொரி வரை சொன்னாள். நடுவில் எங்கேயும் மூச்சு விடவில்லை. விட்டால் அழுகை வந்துவிடும் என்று பயம்.

ரேணுகாதேவி படியில் உட்கார்ந்துவிட்டாள். டிராக்டருக்குப் போட்ட மாலையை ஓர் ஆடு வந்து இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். யாரும் விரட்டவில்லை.

"நான் போகக்கூடாதுன்னு பண்ணியா?"

"இல்லக்கா!"

"உண்மையச் சொல்லு."

"இல்ல." தங்கலட்சுமி மூக்கைத் துடைத்தாள். "நீ போனா நான் ஒத்தேல கெடக்கணுமேன்னு நெனச்சேன். நெனச்சது நெசம். ஆனா இது அதுக்காகப் பண்ணல. இது நெசமாவே ஒத்தாசைக்குப் பண்ணது."

"நல்ல ஒத்தாச."

"ஆமா."

"காரியாபட்டி மாப்ளயப் பாத்திருக்கியா நீ?"

"போட்டோல பாத்தேன்."

"நான் நேர்ல பாத்தேன். நல்லாத்தான் இருக்காரு. நீ பள்ளிக்கூடம் போயிருந்தப்ப வந்து உக்காந்தாரு, காப்பி குடிச்சாரு, 'வேலைக்கெல்லாம் போக வேண்டாம், எங்க வீட்ல பொம்பளைக போறதில்ல'ன்னாரு. எங்கிட்டச் சொல்லல. அப்பாகிட்டச் சொன்னாரு. நான் பக்கத்துலதான் தட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்." அக்கா எழுந்தாள். "அம்மா போன எடுத்துட்டு வா."

"எதுக்கு?"

"அதுல என்ன இருக்கு? மாசாணியம்மன் படமும் ரெண்டு கோலமும். பூராம் எடம்தான். காதுகுத்த அதுல ஏத்து."

இத்தனை நேரமும் அம்மாவின் போன் அடுப்படி ஜன்னலில்தான் இருந்தது. தங்கலட்சுமிக்குத் தோன்றவே இல்லை. பயத்துக்கு அக்கம்பக்கம் பார்க்கத் தெரியாது.

படங்கள் மெதுவாக ஏறின. மொட்டைக் குழந்தை ஒவ்வொரு படமாக அம்மாவின் போனுக்குள் அழுதுகொண்டே குடிவந்தது. எல்லாம் வந்துவிட்டதா என்று அக்கா எண்ணிப் பார்த்து, சிலதைத் திறந்தும் பார்த்தாள். பிறகு தங்கச்சியைப் பார்த்தாள். "இப்ப அமுக்கு."

அமுக்கினாள். கிரப் பென்டிரைவில் ஏறியது.

"இப்பவே போயிப் பாப்பமாக்கா?"

"அப்பா பூஜ ரூம் வாசல்லதான் படுத்திருக்காக. விடியட்டும்."

விடியும் வரை தங்கலட்சுமி தூங்கவில்லை. தூங்கியதாக அக்கா பிறகு சொன்னாள். குறட்டை விட்டதாகவும் சொன்னாள்.

கோழி கூப்பிடுகிற நேரத்தில் அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார். இரண்டு பேரும் பூஜை அறைக்குள் நுழைந்தார்கள். அக்கா சரஸ்வதியை ஒரு தடவை கும்பிட்டுவிட்டு, மருந்தடிக்கிற மிஷினை நகர்த்தி லேப்டாப்பை எடுத்தாள். பென்டிரைவை மாட்டப் போனாள். போகவில்லை. திருப்பி மாட்டினாள். போகவில்லை.

"என்னக்கா?"

"அம்மா பொட்டு வச்சிருக்கு. ஓட்டைக்குள்ள."

சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. பக்கத்து ஓட்டையிலும் அதே. தங்கத்தாய் எந்த ஓட்டைக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. தங்கலட்சுமி பாவாடையிலிருந்து ஊக்கை உருவி, முனையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினாள். அக்கா ஊதினாள். சந்தன வாசம் வந்தது. கணக்குப் பரீட்சையில்கூட அவள் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

பென்டிரைவ் உள்ளே போனது. தங்கலட்சுமி ஆன் பண்ணி, மாரீஸ்வரன் சொன்ன பொத்தானை விடாமல் தட்டினாள். எதிலிருந்து தொடங்க என்று கேட்டது. பென்டிரைவ் என்றாள். கறுப்புத் திரை வந்தது. ஆனால் இது வேறு கறுப்பு. பலகை போட்டு, என்னென்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்கவா என்று கேட்டது. பார் என்றாள். தேடியது. ஒரே ஒரு பெயரைக் கொண்டுவந்து வைத்தது. விண்டோஸ்.

வீட்டை இடித்து விரட்டிய ஆளையே பென்டிரைவில் ஏற்றிக் கூட்டி வந்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கோபப்படவில்லை. வந்த வேலையைப் பார்த்தார். நீலம் வந்தது.

"ஏத்தா. என்ன பண்றீக ரெண்டு பேரும்?"

வாசற்படியில் கோட்டைச்சாமி. கையில் காலி வாளி.

அக்கா வாயைத் திறக்கும் முன்னால் தங்கலட்சுமி எழுந்துவிட்டாள். "அப்பா, நான்தான். அக்கா ஒன்னும் பண்ணல. லேப்டாப்புல சும்மா கெடந்த எடத்த நேத்து நான் சேத்துக்கிட்டேன். அதுல இருந்தவருதான் கதவத் தொறக்குற ஆளாம். இப்பத்தான் வேற ஆள வச்சுத் தொறந்துருக்கோம்."

கோட்டைச்சாமி வாளியை இடது கைக்கு மாற்றினார்.

"யாரு எடம் அது?"

"கவர்மெண்டு குடுத்தது."

"பேரு இருந்துச்சா?"

"இல்ல."

"ஒட்டுனாப்புல இருந்துச்சா?"

"ஆமாப்பா. நம்ம டிய ஒட்டி."

அதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வாளியைக் கீழே வைத்தார்.

"அதெல்லாம் சரி. குளிச்சீகளா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"குளிக்காமயா சாமிகிட்ட இருந்து எடுத்தீக?" இப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "போங்க ரெண்டு பேரும். தலைக்கு ஊத்திட்டு வந்து தொடுங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன் இத."

"அப்பா, அணைஞ்சிரக் கூடாது. பென்டிரைவ உருவிராதீக."

"நான் ஏன்த்தா உருவப் போறேன்?"

தொட்டித் தண்ணி ஐஸாக இருந்தது. அவர்கள் திரும்பி வந்தபோது கோட்டைச்சாமி லேப்டாப்புக்கு எதிரே சம்மணமிட்டு, காவல் காக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். திரை தானாக மங்கியபோது பதறி, "ஏத்தா, கண்ண மூடுது, கண்ண மூடுது!" என்று சத்தம் போட்டார். தங்கத்தாய் எழுந்து ஓடி வந்தாள். சுரண்டிய சந்தனத்தைப் பார்த்தாள். யாரும் விளக்கம் சொல்வதற்குள், ஈரத்தலையோடு இருந்த இரண்டு பேருக்கும் துண்டு எடுத்து வந்தாள். திட்டு அப்புறம் வந்தது.

ஈரத்தலையோடு ரேணுகாதேவி தாள்களை சேவ் பண்ணினாள். இடம் தாராளமாக இருந்தது. "எடம் என்னமோ நல்லாத்தான் உண்டாக்கிருக்க" என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். தங்கலட்சுமியின் போனை லேப்டாப்பின் தலைமாட்டில் வைத்து நெட்டை இழுத்து, ஆல்பத்தை அனுப்பினாள். பாதியில் நின்றது. மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பின்னாலேயே கோட்டைச்சாமி, பென்டிரைவில் எதுவும் தட்டிவிடாதபடி கையைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு வந்தார். போய்ச் சேர்ந்தது.

பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில் மாரீஸ்வரன் வந்தான். விண்டோஸுக்குள்ளிருந்தே வாசல் போர்டை மாற்றி எழுத ஒரு கமாண்டு இருக்கிறது, போட்டால் பென்டிரைவ் இல்லாமலே திறக்கும் என்றான்.

"நேத்து இருந்து எத்தன வீடியோடா பாத்த?" என்றாள் அக்கா.

"அது கெடக்கட்டும். போடவா?"

"நீ போடாத. அவ போடட்டும்."

தங்கலட்சுமி எழுத்து எழுத்தாக அடித்தாள். எண்டரைத் தட்டும் முன்னால் அக்காவைப் பார்த்தாள். அக்கா பென்டிரைவை ஒரு கையால் மூடிக்கொண்டு தலையாட்டினாள். தட்டினாள். வெற்றி என்று ஒரு வரி வந்தது. அணைத்து, பென்டிரைவை உருவி, ஆன் பண்ணினார்கள். கேள்வி கேட்காமல் நேராக விண்டோஸ் வந்தது. அந்த லேப்டாப் எதுவும் கேட்காமல் உள்ளே விட்டது அதுதான் முதல் தடவை.

இன்பராஜ் கூப்பிட்டபோது ரேணுகாதேவி இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து முற்றத்துக்குப் போனாள். "ஆமாண்ணே... சரிண்ணே... எந்த ஏரிண்ணே? அதுவா, அது நான் வச்சதுதான்... சரிண்ணே." திரும்பி வந்து மறுபடி இட்லியின் முன்னால் உட்கார்ந்தாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் இட்லியை முழுங்கினாள்.

"திங்கக்கெழம வரச் சொல்லிட்டாக."

தங்கத்தாய் சட்னியை அவள் தட்டில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். தட்டு நிரம்பி வழிந்த பிறகும் நிறுத்தவில்லை. "மதுரைல எங்கிட்டுத் தங்குவ? தண்ணி எப்பிடி இருக்குமோ" என்று ஆரம்பித்தாள். தங்கலட்சுமி சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட்டபடியே எழுந்து கை கழுவப் போய், தொட்டியடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். அக்கா அதைப் பார்த்தாள். அவள் உட்கார நகர்ந்து இடம் விட்டாள்.

கோட்டைச்சாமி கையைத் துடைத்துவிட்டு போனை எடுத்தார். வாக்கு வாக்குதான். காரியாபட்டிக்குப் போட்டார். மறுமுனையில் பேசுகிறவர் சத்தமாகக் கேள்வி கேட்பது வீடெல்லாம் கேட்டது.

"ஆமாங்க, இப்பத்தைக்கு இல்ல... மதுரைல வேல கெடச்சிருச்சு. ஆமா, கம்ப்யூட்டர்லதான்... என்ன வேலையா? என்னமோ கல்யாண வேலைங்க. மால மாத்துறது, தாலி கட்டுறது, எல்லாம் இவதான் பாக்கணுமாம்." அவர் கொஞ்சம் தொண்டையைச் செருமினார். "இல்லைங்க. அடுத்தவுக கல்யாணம்."